டி.பி.எல்.ஓ. (முழங்கால் லிகமென்ட் அறுந்தா செய்யுற) ஆபரேஷன் ஆன லேப்ரடார் நாயை அடக்கி வைப்பது எப்படி?

கேள்வி (பெரம்பூர்):
4 வயசு ஆண் லேப்ரடார், 31 கிலோ. முழங்கால் லிகமென்ட் அறுந்து டி.பி.எல்.ஓ. செஞ்சு மூணாவது வாரம். வலி போயிடுச்சு போல, காலிங் பெல் அடிச்சாலே வாசலுக்குப் பாயுறான். வீடு முழுக்க வழுவழு டைல்ஸ்; இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. கூண்டுல விட்டா ஓயாத குரைப்பு. கொஞ்ச நேரம் அவிழ்த்து விடலாமா?

பதில்:
வேண்டாம் சார். கீழ்க்கால் எலும்பையே அறுத்துத் திருப்பி, தகடும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தியிருக்காங்க. தையல் 10-14 நாள்ல ஆறிடும். அறுத்த எலும்பு ஒண்ணு சேர 8-12 வாரம் ஆகும். அதுவரைக்கும் பாரத்தைத் தாங்குறது தகடுதான். வலி குறைஞ்சு எலும்பு இன்னும் சேராத இந்த வாரங்கள்லதான் ஒரே தாவல்ல ஸ்க்ரூ தளர்ந்துடலாம்.

42 இன்ச் கூண்டு போதும். ஹால்ல ஃபேன் காத்து படுற இடத்துல, ஆள் நடமாட்டம் தெரியுற மாதிரி வைங்க. தனி ரூம்ல போட்டா குரைப்பு கூடும். பெல்லை அணைச்சுட்டு, ‘போன் பண்ணுங்க’ன்னு கதவுல ஒட்டுங்க. சாப்பாட்டுல கொஞ்சம் எடுத்து ரப்பர் பொம்மைக்குள்ள அடைச்சு, ஃப்ரீசர்ல உறைய வெச்சுக் கொடுங்க, நக்கிக்கிட்டே கிடப்பான். மொத்த அளவை மட்டும் கூட்டாதீங்க, எடை ஏறினா மூட்டுக்குத்தான் கேடு.

இன்னொரு பதில்:
தரையை விட்டுட்டீங்களே! கூண்டுலேர்ந்து வாசல் வரைக்கும் ரப்பர் மேட்டோ யோகா மேட்டோ விரிச்சு, ஓரத்தை டபுள் சைடு டேப்பால ஒட்டுங்க. சும்மா போட்ட கால்மிதி நாயோடயே சறுக்கும். பாத மெத்தைக்கு நடுவுல வளர்ந்த முடியை வெட்டுங்க. மாப் போட்ட ஈரம் காயாம வெளியே விடாதீங்க.

படியில தூக்கிட்டுப் போறதே நல்லது, ரெண்டு பேர் வேணும். முடியலைன்னா குளியல் துண்டை நீளமா மடிச்சு பின்னங்காலுக்கு முன்னால வயித்துக்கடியில கொடுத்து, ரெண்டு முனையையும் மேலே பிடிங்க. முன்னாடி ஹார்னஸ் (நெஞ்சுப் பட்டை), கையில குட்டைக் கயிறு, படிப்படியா. ஆண் நாய்ங்கிறதால மூத்திரக்குறியைத் துண்டு அழுத்தாம பாருங்க. வெளியே போறது ஒண்ணுக்கு, ரெண்டுக்கு மட்டும், 5 நிமிஷம். பால்கனியில புல் மேட் போட்டுப் பழக்கினா படி ஏறுறது பாதியாகும்.

கேள்வி:
ரொம்ப நன்றிங்க. அமைதியா இருக்க தாத்தாவோட கபாபென்டின் (நரம்பு வலி மருந்து) சிரப் கொடுக்கலாமா?

பதில்:
கூடவே கூடாது. மனுஷங்களுக்கான சில சிரப்புல சைலிடால்ங்கிற இனிப்பூட்டி இருக்கும், நாய்க்கு அது விஷம். ஐபுபுரூஃபன், பாராசிட்டமாலும் தொடாதீங்க. அமைதிப்படுத்த கபாபென்டினோ ட்ரசோடோன்ங்கிற மருந்தோ வேணும்னா டாக்டரே எடைக்குத் தகுந்த அளவுல எழுதித் தருவார், கேளுங்க. ஊன்றிக்கிட்டிருந்த காலைத் திடீர்னு தூக்கிட்டா, வீங்கினா, சீழ் வந்தா அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க. இல்லைன்னா 6-8 வாரத்துல எடுத்து, எலும்பு சரியா சேர்ந்துக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொன்ன பிறகு நடையைக் கூட்டலாம்.