கன்னியாகுமரி ரயில் நிலையம்: வரலாறும் இன்றைய சேவைகளும்

அகஸ்தீஸ்வரத்துக்காரன்: நாட்டின் தென்முனையில் இருந்தும் நம் ஊருக்கு ரயில் இவ்வளவு தாமதமாக வந்ததன் காரணத்தை விவரம் அறிந்த பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன். கடலைப் பார்க்க வரும் வெளியூர் உறவினர்களுக்கு எந்த ரயில் வசதியானது?

பழைய பயணி: தம்பி, திருவனந்தபுரத்துக்கு 1918-லேயே கொல்லத்திலிருந்து மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளம்) ரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து தெற்கே பாதை நீளவில்லை. 1956-ல் மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பின்னரும் இரு பத்தாண்டுகளுக்கு மேல் பேருந்துதான் கதி. 1979-ல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி அகலப்பாதையும், 1981-ல் நாகர்கோவில்–திருநெல்வேலி அகலப்பாதையும் திறக்கப்பட்டன. எனினும் திருநெல்வேலிக்கு வடக்கே அப்போது மீட்டர்கேஜ்தான் இருந்ததால், 1990-களில் அப்பாதை மாற்றப்படும்வரை சென்னை செல்வோர் இடையில் வண்டி மாற வேண்டியிருந்தது. தாமதத்தின் உண்மையான விலை அதுவே என்பேன்.

சுசீந்திரம் வாசி: சென்னை எழும்பூரிலிருந்து வருவோருக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இரவு நேர வண்டி என்பதால் உகந்தது, பெங்களூரிலிருந்து கேரளம் வழியாக ஐலண்ட் எக்ஸ்பிரஸ் வருகிறது. நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அசாமின் திப்ரூகரை அடையும் விவேக் எக்ஸ்பிரஸும் இங்கிருந்தே புறப்படுகிறது. நேரடி வண்டியில் இடம் கிடைக்காவிட்டால் நாகர்கோவில் சந்திப்புக்குப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்; அங்கிருந்து பேருந்துகள் தாராளம். சில வண்டிகள் சந்திப்புக்குள் வராமல் நாகர்கோவில் டவுன் வழியாகவே சென்றுவிடும் என்பதால், நிலையத்தின் பெயரைப் பார்த்துப் பதிவு செய்வது அவசியம்.