சுண்ணாம்புக்கல் விடும் கரியமிலவாயு: சொல் தேவை

குழுமத்தாருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, காற்றில் கரியமிலவாயு ஏறிக்கொண்டே போவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், காடழிப்பு எல்லாவற்றுக்கும் சொல் கைவசம் இருக்கிறது. சிமெண்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

சிமெண்ட் சூளையை 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற எரிக்கும் நிலக்கரியிலிருந்து வாயு வருகிறது. அது போக, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது கல்லுக்குள்ளிருந்தும் வருகிறது. ஆலை வெளிவிடுவதில் ஏறக்குறைய 5இல் 3 பங்கு கல்லிலிருந்து வருவதுதான். ஆங்கிலத்தில் 'ப்ராசஸ் எமிஷன்' என்கிறார்கள். அதை அப்படியே 'செயல்முறை உமிழ்வு' என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? கல் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை.

'நீற்றுமிழ்வு' என்று வைக்கலாமா? சுண்ணாம்பு நீற்றுவது ஊரறிந்த வேலை.

மறுமடல்:

ஐயா, நீற்றுமிழ்வு வேண்டாம். காதுக்கு நன்றாக இருக்கிறது, பொருள் பிழை.

தாத்தா காலம் வரை எங்கள் வீட்டில் கிளிஞ்சல் காளவாய் இருந்தது. கிளிஞ்சலும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி இரவெல்லாம் சுடுவார்கள். காலையில் வாரிப் போட்டால் பல கிளிஞ்சல்கள் உருக்குலையாமல் கிடக்கும், மேலே உள்ள வரிகூட அழியாது. கையில் எடுத்தால்தான் தெரியும், அவ்வளவு லேசு. தண்ணீர் தெளிப்பது அதற்கு அப்புறம். சுர்ரென்று ஆவி கிளம்பும், கிளிஞ்சல் வெடித்துப் பூத்து மாவாக உதிரும். நீற்றுதல் என்பது இதுதான். அப்போது எழுவது நீராவி. கரியமிலவாயு முந்தின இரவே சூளையோடு போய்விட்டது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோவும் அந்த வாயு.

1750களில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக்குக்குத் துப்புக் கொடுத்ததும் இந்த எடைக்குறைவுதான். வெள்ளை மக்னீசியா என்ற கார்பனேட் பொடியைச் சுட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்து, அதற்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடப்பதைக் கண்டுகொண்டார். 'நிலைத்த காற்று' என்று பொருள்படும் பெயரால் அதை அழைத்தார். ஆகவே நம் சொல்லிலும் கல்லே நிற்கட்டும்: 'கல்லுமிழ்வு'. எரிபொருளால் வருவதற்கு 'எரியுமிழ்வு'.

யாழ்ப்பாணத்திலிருந்து மறுமடல்:

எங்கள் பாடப்புத்தகங்களில் கரியமிலவாயு காபனீரொட்சைட்டு என்றும் உமிழ்வு காலல் என்றும் வரும். அந்த வேறுபாட்டை இப்போது இழுக்கவில்லை, உமிழ்வு எங்களுக்கும் விளங்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் கல் அகழ்ந்த கிடங்குகளைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் இந்தச் சொல் சரியாக அமையவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

'கல்லுமிழ்வு' ஒரு இடத்தில் இடறுகிறது. 'கரிம உமிழ்வு' என்றால் உமிழப்படுவது கரிமம். அதே அமைப்பில் 'கல்லுமிழ்வு' என்றால் உமிழப்படுவது கல் என்று ஆகிவிடும். எரிமலை கல்லைக் கக்குவதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். நடுவில் 'வழி' சேர்த்தால் என்ன? கல்வழி உமிழ்வு, எரிவழி உமிழ்வு. எதிலிருந்து வருகிறது என்பதில் மயக்கம் இராது.

மறுமடல்:

அம்மா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நீற்றுமிழ்வைக் கைவிடுகிறேன். காளவாய் வீட்டுக்காரர் சொன்னதற்குப் பிறகு அந்தப் பிழையை அச்சேற்ற மனம் வராது.

கட்டுரையில் வைத்துப் பார்த்தேன் (கிளிங்கர் என்பது சூளையில் வெந்து வரும் கட்டி, அதை அரைத்தால் சிமெண்ட்): "சூளையைச் சூரிய வெப்பத்தால் சூடேற்றினால் எரிவழி உமிழ்வு நின்றுவிடும். கல்வழி உமிழ்வு நிற்காது. ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்குச் சற்று மேலாக அது வந்துகொண்டே இருக்கும்." அடைப்புக்குறியோ விளக்கமோ இல்லாமல் வாக்கியம் நிற்கிறது. அரியலூர்ப் பக்கத்துக் கல் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடலில் படிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அதில் அடைபட்டிருந்த வாயுவைச் சூளை சிறிது நேரத்தில் வெளியே விட்டுவிடுகிறது. இதைச் சொல்லவும் இப்போது ஒரு சொல் கிடைத்துவிட்டது.

இதன் மறுபக்கத்துக்கும் சொல் வேண்டியிருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது கல் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் கான்கிரீட்டும் வாங்கும், ஆனால் மெதுவாக, ஒரு பகுதியை மட்டும். 'கரிமமேற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சோடாவில் வாயு ஏற்றுவதற்கும் அதே சொல் புழங்குவதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. காளவாய் வீட்டில் சுவர்ப்பூச்சு இறுகுவதற்கென்று தனியாக ஏதும் சொல்வார்களா?