ஒரே ஜெபம், வேற வேற பதில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கடுகுவிதை:
சாட்சி நேரம். ஒரு அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, கட்டி கரைந்துவிட்டது, ஸ்கேன்ல ஒன்றுமில்லை என்று சொல்லி அழுதார். சபையே கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவரின் வீட்டுக்காரர் அதே வியாதியில் போன மாதம்தான் தவறினார். ரெண்டு பேர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதித்தான் சங்கிலி ஜெபம் வைத்தோம், ஒருவர் மாற்றி ஒருவர் விடாமல் ஜெபிப்பது. அவரும் கைதட்டினார், உள்ளங்கை பட்டும் படாமலும். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "எங்க ஜெபத்துல என்ன குறைஞ்சுது?" என்றார். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

இரவுப்பணி:
நான் நர்ஸ். கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு ஐயா, நல்ல விசுவாசி. வருகிறவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். ராத்திரி நானும் "ஜெபிக்கட்டுமா ஐயா" என்றேன். "ஆண்டவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சும்மா. உங்ககிட்ட கேக்குறது தலையணைதான், கழுத்து வலிக்குது" என்றார். தலையணையைச் சரிசெய்ததும் "தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஏன் மறக்கமாட்டேன் என்கிறது என்று தெரியவில்லை.

திறப்பில்நிற்பவன்:
கடுகுவிதை சிஸ்டர், அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருக்கணும். எனக்கும் வேலை போச்சு, ஜெபிச்சேன், முன்னைவிட நல்ல வேலை கிடைச்சுது. மாற்கு 11:24 தெளிவா இருக்கு: பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசிக்கணும். அந்தச் சகோதரியை இனி அதிகாலை ஜெபத்துக்குக் கூப்பிடுங்க. வீட்டில் அவிசுவாச வார்த்தை பேசக்கூடாது. வாக்குத்தத்த வசனம் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டச் சொல்லுங்க. ஜெபக்குறிப்பு நோட்டு போடணும், ஒரு பக்கம் கேட்டது, எதிர்ப்பக்கம் கிடைத்தது. வாரம் ஒரு உபவாசம். சும்மா இருந்தால் துக்கம் பெருகும், அதனால் பெண்கள் கூட்டத்தில் ஒரு பொறுப்பும் கொடுங்க. நர்ஸ் சிஸ்டர், நீங்களும் ஜெபிக்காமல் விட்டிருக்கக்கூடாது.

மூத்தமகன்:
பிரதர், அப்போஸ்தலர் 12-ஐ ஒரு தடவை வாசியுங்கள். ஏரோது ராஜா இயேசுவின் சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவுக்குச் சங்கிலி கழன்று விழுகிறது. யாக்கோபுக்கு விசுவாசம் போதவில்லை என்று அதை எழுதின லூக்கா எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் அவரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவர் மாம்சத்திலிருந்த முள், அதாவது அவரை வாட்டின வேதனை, போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் அவருக்கு வந்த பதில்.

என் கதை வேறு. அம்மா இறந்த வீட்டுக்குப் பாஸ்டர் வந்தார். என்னோடு உட்கார்ந்து வேதத்தைத் திறந்து வெகுநேரம் பேசினார், எனக்கு அது தேவைப்பட்டது. தங்கச்சி உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் போய் சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் துலக்கிப் போட்ட டம்ளர்களை அலசிக் கவிழ்த்தார். ஒரு வசனம் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வந்தது, அவளுக்குத்தானே ஆறுதல் அதிகம் வேண்டும் என்று. யோவான் 11 வாசித்தபோதுதான் உறைத்தது. மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது ஒரே வார்த்தைதான், நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுதபோது அவரும் கண்ணீர் விட்டார்.

அமைதியானபிள்ளை_அம்மா:
என் மகனுக்குப் பேச்சு வராது, சத்தமும் தாங்காது. சபைக்குப் போனால் ஆளாளுக்கு அவன் நாக்கு கட்டவிழ ஜெபிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு ஞாயிறு டிரம்ஸ் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். சபையிலேயே வயசான மூப்பர் ஒருவர் எழுந்துபோய், எங்கள் பக்கத்து ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பையன் வெளியே வந்தான், காதிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

எண்ணாகமம் 7 ஞாபகம் வரும் எனக்கு. ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமந்துபோகிற மூன்று லேவியர் வம்சங்களுக்கு மோசே வண்டிகளைப் பங்கிடுகிற இடம். கெர்சோன் புத்திரருக்கு 2 வண்டி, மெராரி புத்திரருக்கு 4 வண்டி, கோகாத் புத்திரருக்கு ஒன்றுமில்லை. பலகையும் தூணும் சுமக்கிறவர்களுக்குக் கூடுதல் வண்டி, தோளில் சுமக்கவேண்டியவர்களுக்கு வண்டியே கிடையாது. யாரும் சண்டை போட்டதாக அங்கே எழுதியில்லை. நாம்தான் போடுகிறோம்.

திறப்பில்நிற்பவன்:
சிஸ்டர், அப்படியென்றால் பிள்ளை பேசணும்னு ஜெபிக்கிறதை விட்டுட்டீங்களா?

அமைதியானபிள்ளை_அம்மா:
தினமும் ஜெபிக்கிறேன் பிரதர். ஸ்பீக்கரும் இப்போ ஆஃப்லதான் இருக்கு.

புதியவள்:
அக்கா, நீங்க யார்கிட்டயாவது முன்னாடியே சொல்லி வச்சிருந்தீங்களா, இல்லை அவரே கவனிச்சாரா? எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா. ஆராதனை முடியுறவரைக்கும் நானும் அவளும் கார்லயே உட்கார்ந்திருக்கோம். பாஸ்டர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.