ஃப்ரீபிஎஸ்டி 14-க்கு மாறியாயிற்று, பழைய லைப்ரரிகளை அழிக்கலாமா?

கடைசிமேசை:
அலுவலகத்தில் இருக்கும் சின்ன சர்வர் ஒன்றைப் போன வாரம் ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம்) 13.2-லிருந்து 14.1-க்கு ஏற்றினேன். சோர்ஸிலிருந்துதான். சிஸ்டத்தைக் கம்பைல் செய்து நிறுவும் பில்ட்வேர்ல்ட், இன்ஸ்டால்வேர்ல்ட் எல்லாம் ஒழுங்காக முடிந்து, பழைய ஃபைல்களை நீக்கும் டெலீட்-ஓல்டும் போட்டாயிற்று. அடுத்து பழைய லைப்ரரிகளை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்கள்) நீக்க மேக் டெலீட்-ஓல்ட்-லிப்ஸ் என்று போட்டால், இந்த லைப்ரரிகளை எந்த அப்ளிகேஷனும் பயன்படுத்தவில்லை என்று பார்த்துக்கொள், இல்லையென்றால் அது கிளம்பாது என்று ஒரு மிரட்டல் விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபைலாக அழிக்கட்டுமா என்று கேட்கிறது. லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111 என்ற பெயரைப் பார்த்ததும் பயந்துபோய் கண்ட்ரோல்-சி அடித்துவிட்டேன். என்ஜின்எக்ஸ், பிஎச்பி, போஸ்ட்கிரெஸ் மூன்றுக்கும் எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி போட்டுப் பார்த்தேன், 111 எதிலும் இல்லை. அழிக்கலாமா, அப்படியே கிடக்கட்டுமா?

பழையசோறு:
கிடந்தால் என்ன? சில எம்பி மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள். ஓடுகிற வண்டியில் கை வைக்காதீர்கள்.

வேர்க்கணக்கு:
பழையசோறு சொல்வதை நான் ஏற்கவில்லை. இடம் இங்கே பிரச்சினையே இல்லை. 111 என்பது என்க்ரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1.1 பதிப்பு, அதற்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. 14-இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3, லைப்ரரி பெயரும் லிப்கிரிப்டோ.எஸ்ஓ.30 ஆகிவிட்டது. பழையது கிடக்கிறவரை ஏதோ ஒரு புரோகிராம் சத்தமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதற்கு இனி பேட்சும் வராது.

ஆனால் இப்போதே அழிக்காதீர்கள். நீங்கள் எல்டிடி போட்டது பிஎச்பியின் பைனரிக்கு (கம்பைல் ஆன புரோகிராம் ஃபைலுக்கு) மட்டும். எக்ஸ்டென்ஷன்களை அது ஓடும்போதுதான் டிஎல்ஓப்பன் வழியாக ஏற்றுகிறது, அவை அந்தப் பட்டியலில் வராது. நான் இதில்தான் மாட்டினேன். பைனரிகளை மட்டும் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒய் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை, சரி முடிந்தது என்று நினைத்தேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோசஸ் அழித்த ஃபைலையும் விடாமல் பிடித்துவைத்திருக்கும் அல்லவா, அதனால் மூன்று வாரம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் ஒருநாள் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டு மெஷின் ரீபூட் ஆனபோது மெயில் எழுந்திருக்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு, மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன அழித்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், பேக்கேஜ்களை பிகேஜி-ஸ்டாட்டிக் அப்கிரேட் மைனஸ் எஃப் போட்டு முழுதாக மாற்றினீர்களா? லாக் செய்து வைத்தவை ஏதாவது இருக்கிறதா? லாக் போட்ட பேக்கேஜை அது தொடாது, பிகேஜி லாக் மைனஸ் எல் போட்டால் தெரிந்துவிடும். அப்புறம் யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே இருக்கிற எல்லா .எஸ்ஓ ஃபைல்களையும், பின், எஸ்பின், லிப்எக்ஸெக்கில் இருப்பவற்றையும் ஃபைண்ட் மூலம் எடுத்து எல்டிடிக்குக் கொடுத்து, 111 இருக்கிறதா என்று கிரெப் போட்டுத் தேடுங்கள். ஓடிக்கொண்டிருப்பவை எந்த ஃபைல்களை ஏற்றிவைத்திருக்கின்றன என்று பார்க்க புரோக்ஸ்டாட் மைனஸ் ஏ மைனஸ் வி. நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானில் மாதம் ஒருமுறை ஓடுகிறவை இதில் சிக்காது, அதனால் ஃபைண்டை விட்டுவிடாதீர்கள்.

நட்டுபோல்ட்டு:
இவ்வளவு எதற்கு? 111 என்ற பெயரில் 30-க்கு ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) போட்டால் வேலை முடிந்தது.

வேர்க்கணக்கு:
தயவுசெய்து வேண்டாம். ஏபிஐ (ABI), அதாவது பைனரியும் லைப்ரரியும் ஒன்றோடொன்று பொருந்தும் முறை, மாறியதால்தான் எண்ணையே மாற்றினார்கள். நல்ல காலம் இருந்தால் தொடக்கத்திலேயே எர்ரர் வரும், இல்லையென்றால் ஓடுவதுபோல ஓடி நடுவில் எங்கேயாவது விழும். எதிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

கடைசிமேசை:
நன்றி. பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டு சிக்கின. இமேஜ் வேலைக்காக யாரோ கையால் கம்பைல் செய்து போட்ட ஒரு பிஎச்பி எக்ஸ்டென்ஷன், அப்புறம் நானே போன வருடம் லாக் செய்துவிட்டு மறந்துபோன கர்ல் பேக்கேஜ். கர்லின் லாக்கை எடுத்து அப்கிரேட் செய்தாயிற்று, எக்ஸ்டென்ஷனை மறுபடி கம்பைல் செய்தேன். இன்னும் ஒன்று பாக்கி, பில்லிங்குக்கு ஒரு கம்பெனி கொடுத்த பைனரி, சோர்ஸ் இல்லை, 13-க்காகக் கட்டியது. எல்டிடியில் 111 வேண்டும் என்கிறது.

வேர்க்கணக்கு:
அந்தக் கம்பெனியிடம் 14-க்குக் கட்டிய பைனரி கேளுங்கள். வரும்வரை முழுதாக அழிக்காமல், லிப்கிரிப்டோ, லிப்எஸ்எஸ்எல் இரண்டின் 111-ஐ மட்டும் தனி டைரக்டரிக்கு நகர்த்திவிட்டு, பில்லிங் ஸ்கிரிப்டில் மட்டும், லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் வைத்து அந்த டைரக்டரியைக் காட்டுங்கள். மற்றவற்றுக்குத் தாராளமாக ஒய் தட்டலாம். தட்டியபின் ஒரு ரீபூட், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே.

கடைசிமேசை:
நகர்த்தினேன், ரீபூட் செய்தேன், எல்லாம் எழுந்தது. பில்லிங்கும் ஓடுகிறது. அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன், திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

பழையசோறு:
எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டீர்களா?