புதுப்பிப்பு: விஸ்கான்சின் டெல்ஸ் கிரேட் வுல்ஃப் லாட்ஜ், பனிக்காலத்தில் சின்னக் குழந்தையோடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் ஊரிலுள்ள கிரேட் வுல்ஃப் லாட்ஜ் என்ற உள்ளரங்க நீர்ப்பூங்கா விடுதிக்கு, பனிக்காலத்தில் இரண்டு வயதுக் குழந்தையோடு போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

ரொம்பக் கைகொடுத்தது, "நீச்சலுடையைத் தனிப் பையில் வையுங்கள், அறைக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்ற யோசனைதான். அறை மாலை 4 மணிக்குத்தான். ஆனால் மதியம் 1 மணிக்கே கைப்பட்டை கட்டி உள்ளே விட்டுவிட்டார்கள். கிளம்பும் நாளிலும் அறையைக் காலி செய்தபின் பூங்கா மூடும்வரை தண்ணீரில் ஆடலாம். வெளியே உறைபனி, உள்ளே 84 டிகிரி ஃபாரன்ஹீட். மிதவைச் சட்டை இலவசம்.

எதிர்பாராதது, பூங்காவில் தண்ணீர் நிரம்பியதும் கவிழும் 1,000 கேலன் ராட்சத வாளி. மேலிருந்து அப்படியே கவிழ்ந்து கொட்டுகிறது; அந்தச் சத்தத்தில் பாப்பா அலறிவிட்டாள். வாளி சாயத் தொடங்கினாலே ஓரமாக நகர்ந்துவிடுங்கள். அப்புறம் மாலை முழுக்க ஆழம் குறைந்த குட்டிக் குளத்தில்தான் இருந்தாள்.