200 எம்பிபிஎஸ் பிளானில் 11.2 எம்பிக்கு மேல் ஏறவில்லை

காவேரிப்பட்டினத்தில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு. போன மாதம் 100இலிருந்து 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். டவுன்லோடு முன்பு போலவே நொடிக்கு 11.2 மெகாபைட்டில் நிற்கிறது.

என் கணக்கு இது: 8 பிட் ஒரு பைட் என்பதால், 200 மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் 25 மெகாபைட். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) என்பதால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட். ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 பைட் போக, ஒரு பாக்கெட்டில் உண்மையான டேட்டா 1452 பைட். ஈதர்நெட் கம்பியில் அதற்கு 1538 பைட் செலவு. ஆக 25இல் அந்த விகிதம், 23.6 வர வேண்டும். விண்டோஸ் 1024 கணக்கில் காட்டுவதால் 22.5 என்றே வைத்துக்கொள்வோம். அதே கணக்கை 100க்குப் போட்டால் அச்சு அசலாக 11.2! இதுதான் இடிக்கிறது, எங்கோ 100இலேயே தடுக்கிறது போல.

ரவுட்டர் என் சொந்தம், ஏசி1200 வகை. லேப்டாப்பில் லேன் போர்ட் கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் லிங்க் வேகம் 866 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாயிற்று, விடியற்காலையிலும் பார்த்தாயிற்று. ஓஎன்டியிலிருந்து (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்கு வரும் கேபிளையும் மாற்றினேன். கம்பெனி ஆள் "எங்க பக்கம் 200 போகுது சார்" என்கிறார். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டி தொலைந்துவிட்டது. ரவுட்டரின் வேன் போர்ட் (ஓஎன்டி கேபிள் செருகும் இடம்) 10/100தானா, அதாவது 100 எம்பிபிஎஸ் வரைதானா என்று அட்மின் பக்கத்தில் எங்கே பார்ப்பது?