ஜிஎச்கே-காப்பர் கொடுத்தும் கொலாஜன் கூடவில்லை

செல் கல்ச்சர் செய்பவர்கள் யாராவது பாருங்கள். மனிதத் தோலில் கொலாஜன் புரதத்தை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு ஜிஎச்கே-காப்பர் (செம்பைப் பிடித்திருக்கும் சிறு புரதத் துண்டு, அதாவது பெப்டைடு) கொடுக்கிறேன். கொலாஜன் அளவு கன்ட்ரோலை (பெப்டைடு கொடுக்காத செல்களை) தாண்டவே மாட்டேன் என்கிறது. 1988-இல் மக்கார் குழு பிரான்சில் செய்த சோதனையில் 1 நானோமோலாரிலேயே உச்சம் தொட்டது, அதனால்தான் குழப்பம்.

இடம் கோவை, ஜூனிலிருந்து இதே கதை. டிஎம்இஎம் மீடியம் (செல் வளர்க்கும் திரவம்), 10 சதவீதம் எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்), பாசேஜ் 5 (ஐந்து முறை பிரித்து வளர்த்த செல்கள்). பெப்டைடு 1 நானோமோலார் முதல் 1 மைக்ரோமோலார் வரை, 48 மணி நேரம். கொலாஜனை அளப்பது சிரியஸ் ரெட் என்ற சாய முறையில். செல்கள் சாகவில்லை, வடிவமும் மாறவில்லை.

பெப்டைடைப் புதிதாக வாங்கிக் கரைத்தேன். ஸ்டாக் கரைசல் நல்ல நீலம்தான், அதாவது செம்பு சேர்ந்தே இருக்கிறது. வைட்டமின் சி சேர்த்தேன். கன்ட்ரோலிலும் சேர்த்தே கூடியது, வித்தியாசம் வரவில்லை. சீரத்தை 1 சதவீதமாகக் குறைத்தும் அதேதான்.

என் சந்தேகம் சீரத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தின் மேல். அதுவும் செம்பை இறுக்கிப் பிடிக்கும். இவ்வளவு குறைந்த அளவில் பெப்டைடுக்கு என்ன மிஞ்சும்? சரி என்று சீரத்தை முழுதாக எடுத்தால், செல்கள் தட்டை விட்டுக் கழன்றுவிடுகின்றன.

ஆல்புமின் இல்லாமல் இந்தச் செல்களை 48 மணி நேரம் தாங்க வைக்க நீங்கள் எந்த மீடியம் பயன்படுத்துகிறீர்கள்?